போஸ் வந்த நாள்

எங்கள் ஊரில் நேதாஜிக்கு விழா எடுப்பது செப்டம்பர் 6ஆம் தேதி. பிறந்த நாளான ஜனவரி 23ஐப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறது. படத்துக்கு மாலை போட்டு, மிட்டாய் கொடுத்து, மதியத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஊர் கூடுவது செப்டம்பரில்தான். 1939ஆம் ஆண்டு அந்த நாளில் சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கு வந்தார். திருமங்கலத்துக்கு மேற்கே கண்மாய்க் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள்தான் அவரைப் பார்க்க மதுரைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்கள் வீடு திரும்பிச் சொன்னதை வைத்துத்தான் இத்தனை காலமும் இந்த நாளைக் காப்பாற்றி வருகிறோம்.

இந்த நாளைத் தேர்ந்தெடுத்த பெரியவர்களின் நிதானத்தை வயது ஏற ஏற நான் அதிகமாக மதிக்கிறேன். நேதாஜியின் முடிவைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒருமித்த பேச்சு கிடையாது. 1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானில் நடந்த விமான விபத்தில் இறந்தார் என்கிறது அரசாங்கம். 1956இல் ஷா நவாஸ் கான் குழு, 1970இல் கோஸ்லா ஆணையம், 1999இல் முகர்ஜி ஆணையம் என மூன்று முறை விசாரித்தார்கள். முதல் இரண்டும் விபத்தை ஏற்றுக்கொண்டன. மூன்றாவது மறுத்தது. அந்த மறுப்பை மத்திய அரசு ஏற்கவில்லை. நேதாஜி உயிரோடிருக்கிறார் என்று மேடையிலேயே சொன்னவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். அதை நம்பி, என்றைக்காவது வருவார் என்று காத்திருந்தே கண்மூடிய கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகஸ்ட் 18 அன்று எங்கள் மந்தையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். செப்டம்பர் 6இல் அந்தத் தகராறுக்கு இடமில்லை. அன்று அவர் மதுரையில் இருந்தார். அதற்குப் பின் அவருக்கு என்ன நேர்ந்தது என்று எதை நம்புகிறவரும் அதை ஒப்புக்கொள்வார்.

அவர் எந்த நிலையில் வந்தார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு நான் மறக்காமல் சொல்வேன். அந்த ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி நடந்த காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமய்யாவை 1580க்கு 1377 என்ற வாக்குக் கணக்கில் வென்றார் போஸ். தென்னாட்டில் அவருக்காக வாக்குத் திரட்டியவர் தேவர். வென்ற பிறகும் செயற்குழு அமைக்க முடியாமல் ஏப்ரல் 29ஆம் தேதி பதவியை விட்டார். மே 3ஆம் தேதி பார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார். ஆகஸ்டில், காங்கிரஸில் தேர்ந்தெடுக்கப்படும் எந்தப் பொறுப்பையும் மூன்று ஆண்டுகளுக்கு வகிக்கக் கூடாது என்று அவர்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு மாலைப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தார்கள். பிரிட்டன் ஜெர்மனிமேல் போர் தொடுத்துவிட்ட செய்தி அதில் இருந்தது. அதற்கு மூன்றாம் நாள் அவர் மதுரையில். வரவேற்புக்குப் பெருங்கூட்டம் திரட்டியவர் முப்பது வயதுத் தேவர். வந்தவருக்கு வயது 42. பதவியிழந்து, கட்சியின் பெரியவர்களால் ஒதுக்கப்பட்டு, உலகப் போர் மூண்ட வாரத்தில் வந்த ஒரு மனிதரைப் பார்க்கத்தான் எங்கள் ஊரிலிருந்து வண்டி பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவரிடமிருந்து பெற்றுக்கொள்ள அவர்களுக்கு எதுவும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

அப்படிப் போன வண்டி ஒன்றில் என் அப்பா இருந்தார். அப்போது அவருக்குப் பத்து வயது. அவருடைய அப்பாவை நாங்கள் ஐயா என்போம். ஐயா ரேகை வைத்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பெயர் பதிவாகிவிட்டால் காவல் நிலையத்தில் கைரேகை பதிக்க வேண்டும், இரவில் அங்கே போய் இருக்க வேண்டும், ஊரைத் தாண்டினால் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை எதிர்த்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்துப் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சட்டம் 1947 வரை நீடித்தது. ஆக, 1939இல் ஐயா சீட்டு வாங்காமல் மகனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனது வேடிக்கை பார்க்கப் போனதாகாது. திரும்பி வந்தால் அடி உண்டு என்று தெரிந்தே போனார். அடியும் வாங்கினார். முதுகில் தழும்பு இருந்ததாக அப்பத்தா சொல்லும்.

அப்பா பார்த்தது மிகக் கொஞ்சம். கூட்டத்தில் ஐயாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மாலைகளுக்கு நடுவே வெள்ளைக் குல்லாயும் வட்டக் கண்ணாடி ஒன்று வெயிலில் மின்னியதும் தெரிந்தன, அவ்வளவுதான். பேச்சு ஒரு சொல்லும் விளங்கவில்லை, கூட்டத்தின் இரைச்சல்தான் காதில் இருந்தது என்பார். நேதாஜி என்ற பெயர்கூட அப்போது இல்லை. அது ஜெர்மனிக்குப் போன பிறகு வந்தது. அப்பா கடைசிவரை 'போஸ்' என்றுதான் சொன்னார், மாமன் மச்சானைச் சொல்வதுபோல உரிமையோடு. அவர் வயதுக்காரர்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் எத்தனை போஸ், எத்தனை சந்திரபோஸ், எத்தனை சுபாஷ்! மதுரை, இராமநாதபுரம் பக்கம் எந்த ஊர் வாக்காளர் பட்டியலைப் புரட்டினாலும் இது தெரியும். விழா அன்று முதல் வேலையாக அந்தப் பெயர் வைத்திருக்கிற எல்லோரையும் மேடைக்கு முன்னால் நிற்கச் சொல்கிறோம். எண்பது வயதுக்காரரும் இடுப்புக் குழந்தையும் சேர்ந்து நிற்பார்கள்.

இவ்வளவும் எங்கள் தெருவின் கதை. இதோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் இந்த ஊர்க் கிளை அஞ்சலகத்தில் தலைநரைக்கும் வரை வேலை பார்த்தவள். திண்ணை வைத்த ஓர் அறை, ஒரு தராசு, முத்திரைக் கட்டை, மணியார்டர் படிவங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கடிதங்கள் எல்லாம் என் கையால்தான் போகும், என் வாயால்தான் அவர்கள் காதுக்கு வரும். அப்படித்தான் பட்டாளத்தார் எனக்குத் தெரியவந்தார். அவர் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. காலனித் தெருவில் வேப்பமரத்தடி வீடு, பட்டாளத்தார் வீடு. நான் அவரைத் தாத்தா என்பேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி காலனித் தெருக்காரரைத் தாத்தா என்று கூப்பிடுவதற்கே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

அவரைச் சிறுபிள்ளையாகப் பெற்றோர் மலேயாவுக்குக் கொண்டுபோனார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வாழ்க்கை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலேயாவுக்குள் புகுந்தான். பால்மரம் வெட்டும் வேலை நின்றது, அரிசி நின்றது, மரவள்ளிக் கிழங்கே சோறானது. அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. இந்த நிலையில்தான் 1943 ஜூலை 2ஆம் தேதி நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டம் தோட்டமாகச் செய்தி பரவியது. மலேயாவில் அவர் இந்துஸ்தானியில் பேசியதைத் தமிழில் பெயர்த்துச் சொன்னார்கள். மீசை அரும்பாத வயதில் பட்டாளத்தார் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குப் பெயர் கொடுத்தார். அவருக்கு முன்பே அவருடைய அக்கா அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்திருந்தார்.

சண்டையைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். பர்மாவில் போப்பா மலைப் பக்கம் இருந்ததையும், மேலே விமானம் சுற்றிக்கொண்டே இருந்ததையும், ரங்கூனில் பிடிபட்டதையும், 1946இல் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டதையும் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவார். சோற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் விடாமல் பேசுவார். இந்திய தேசிய ராணுவத்தில் ஒரே சமையல். இந்துவுக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று, சீக்கியருக்கு ஒன்று என்று பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த தனி அடுப்புகளை நேதாஜி எடுத்துவிட்டார். தட்டை ஏந்தி வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் பஞ்சாபி, பின்னால் நிற்பவர் மலபார் முஸ்லிம், இவர் மதுரைச் சீமைச் சேரிப் பிள்ளை. யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த உடம்போடு சொந்த ஊருக்கு வந்த மனிதருக்கு எங்கள் ஊர் டீக்கடையில் தனிக் குவளை கொடுத்தார்கள். அவர் அந்தக் குவளையைத் தொடவில்லை. சாகும்வரை எங்கள் ஊர் டீக்கடையில் அவர் டீ குடித்தது கிடையாது.

1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொண்டுவந்தது. 1980இல் அதை விரிவாக்கினார்கள். சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் கூட இருந்தவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட இருந்தவர்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தார்கள். அவருக்காக நான் எழுதிய பதிவுத் தபால்கள் கொஞ்சமல்ல. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. கடைசியில் பணம் வந்தது. முதல் மாதப் பணத்தில் அவர் வாங்கியது ஒரு நல்ல மூவர்ணக் கொடி.

இப்போது விழாவுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் செப்டம்பர் 6 ஊர்வலம் பெரிய தெருவில் புறப்பட்டு, கோயிலைச் சுற்றி, மந்தைக்கு வந்து முடியும். காலனித் தெருப் பக்கம் திரும்பாது. ஊரில் நேதாஜியின் படையில் நின்ற ஒரே மனிதர் அந்தத் தெருவில்தான் இருந்தார். ஆனால் நேதாஜியின் படம் அந்தத் தெருவுக்குள் போகவில்லை. அவரே மந்தைக்கு வந்து ஓரத்தில் நின்று, காக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, படத்துக்குச் சல்யூட் வைத்துவிட்டுப் போவார். பார்க்கிற எனக்குத் தொண்டை அடைக்கும். போஸைக் கண்ணால் பார்த்த பிள்ளை என்று என் அப்பாவை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். போஸுக்குப் பின்னால் நடந்துபோனவர் ஓரத்தில் நிற்பார்.

இதை ஊர்க்கூட்டத்தில் எழுப்பியவர் அப்பாதான். அவருக்கு ஆத்திரம் வந்தால் குரல் தாழும். அன்று தாழ்ந்த குரலில் அவர் கேட்டது ஒரே கேள்வி: நான் பார்த்தது ஒரு கண்ணாடியின் மின்னல், அதற்கு நாற்காலி, அந்த மனிதருக்கு என்ன? பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆனாலும் வழக்கம், சம்பிரதாயம், வீண் பிரச்சினை என்று முணுமுணுப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து பேசினேன். பட்டாளத்தார் எனக்குச் சொல்லியிருந்த ஒரு செய்தியைச் சொன்னேன். அதைப் பிறகு நான் படித்தும் உறுதிசெய்துகொண்டிருக்கிறேன். 1943இல் சிங்கப்பூரில் செட்டியார் கோயிலில் தசரா விழாவுக்கு நேதாஜியை அழைத்தார்கள். நன்கொடை தரவும் ஆயத்தமாக இருந்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் வரலாம் என்றால்தான் வருவேன் என்று அவர் மறுத்துவிட்டார். அவர்கள் கலந்து பேசி ஒப்புக்கொண்டு திரும்பி வந்தார்கள். நேதாஜி தம் அதிகாரிகளோடு போனார். அவர்களில் ஹைதராபாத்தைச் சேர்ந்த முஸ்லிமான ஆபித் ஹசனும் இருந்தார். அந்தக் கோயிலும் தமிழர் கோயில், அங்கிருந்தவர்களும் நம் பக்கத்து மனிதர்கள். நம்மவர்கள் அங்கே திறந்த கதவை இங்கே ஏன் சாத்தி வைத்திருக்கிறோம் என்று கேட்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். போஸ் மதுரைக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, 1939 ஜூலை 8 அன்று, மதுரைக் காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு நுழைந்தார். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கனும் அவர்களில் ஒருவர். சண்முக நாடாரும் ஒருவர். அந்த நுழைவுக்குத் துணையாக நின்றவர் தேவர். தேவரை வணங்குகிற ஊர் இது. அவர் துணை நின்ற காரியத்தை மறந்துவிட்டு அவர் அழைத்துவந்த விருந்தாளியை மட்டும் கொண்டாடினால் அது எப்படி அவருக்கு மரியாதையாகும்? கதவு திறந்த மதுரைக்குத்தான் போஸ் வந்தார். என் பேச்சு இவ்வளவுதான். உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்கியது தெரிந்தது.

அன்றைக்கே எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் பொய்யாகும். அந்த ஆண்டு ஊர்வலம் காலனித் தெருவில், பட்டாளத்தார் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டது. அவர்தான் கொடி பிடித்தார். பெரிய தெருவில் சில வீடுகளின் கதவு சாத்தியே இருந்தது. இரண்டு பெரியவர்கள் அப்பாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் பிறகு பேசினார், ஒருவர் கடைசிவரை பேசவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பேரன்கள் இன்று ஊர்வலத்தில் முன்வரிசையில் வருகிறார்கள். ஊர்வலம் காலனித் தெருவிலிருந்து புறப்படுவது இப்போது மாறாத முறை. ராவுத்தர் வீடுகள் இருக்கும் பள்ளிவாசல் தெருவில் நின்று வக்கம் காதர் பெயரைச் சொல்லி வணங்குகிறோம். திருவிதாங்கூரில் பிறந்து, மலேயாவுக்குப் போய், பினாங்கில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து பிடிபட்ட இளைஞர் அவர். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். நான்கே நாள் தள்ளி வருகிற நினைவு நாள். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் பொருத்தம்.

சோற்றின் கதை தனி. ஒரே அடுப்பு என்பதைப் பட்டாளத்தார் சொல்லிச் சொல்லி ஊர்வலத்துக்குப் பின் பொதுச் சாப்பாடு வேண்டும் என்று முடிவானது. வீட்டுக்கு ஒரு படி அரிசி; எல்லாத் தெருவிலும் வாங்கி ஒன்றாகக் கொட்ட வேண்டும். சமையல்காரர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் புது நெல் குத்தியது, இன்னொரு வீட்டில் இரண்டு வருடம் பழகியது. புது அரிசி சீக்கிரம் குழையும், பழைய அரிசிக்குத் தண்ணீரும் நேரமும் அதிகம் வேண்டும். ஒரே அண்டாவில் போட்டால் பாதி களியாகும், பாதி விதையாக நிற்கும். தரம் பிரித்துத் தனித்தனி அண்டாவில் வடிக்கலாம் என்றார். பிரித்து வடித்தால் எந்த அண்டாவின் சோறு எந்தத் தெருவினுடையது என்று தெரிந்துவிடும். அது தெரியக் கூடாது என்பதற்குத்தானே இவ்வளவும்? கடைசியில் வழி சொன்னது காலனித் தெருவில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துப் பழகிய ஓர் அக்கா. எல்லாவற்றையும் கலந்து முன்கூட்டியே ஊறவைத்து, துவரம்பருப்போடு சேர்த்துக் குழைய வேகவைத்துச் சாம்பார் சாதமாகக் கிண்டிவிட்டால் வித்தியாசம் தெரியாது என்றார். அன்றிலிருந்து செப்டம்பர் 6 என்றால் சாம்பார் சாதம்தான். கத்தரிக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் வீடு வீடாக வருகிறது. யாரும் ஒதுங்க வேண்டியிராதபடி கறி கிடையாது. ஆவணி முகூர்த்த மாதம் என்பதால் பாத்திரக் கடையில் பெரிய அண்டா கிடைப்பதுதான் கஷ்டம். ஆடி மாதமே சொல்லி வைத்துவிட வேண்டும். பந்தியில் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். தெருவாரியாக இடம் பிடிப்பதை நான் விடுவதில்லை. கையைப் பிடித்து எழுப்பி மாற்றி உட்காரவைத்திருக்கிறேன், வயதில் பெரியவர்களைக்கூட.

பெண்பிள்ளைகள் அணிவகுப்பு பிறகு வந்தது. அதற்குக் காரணம் பேராக்கிலிருந்து வந்த நீல வான்மடல்கள். பட்டாளத்தாரின் அக்கா அங்கேயே தங்கிவிட்டார். தம்பிக்கு எழுதுவார், நான் படித்துக் காட்டுவேன். 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. தலைமை ஏற்றவர் சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். படையில் பெரும்பகுதி தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்கள். சேலையை விட்டுக் காற்சட்டை போட்டது, கூந்தலை வெட்டியது, துப்பாக்கியின் கனத்தில் தோள் கன்றிப்போனது, இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் எழுதிப் படித்தது என்று அந்த அம்மா நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் தாம் முன்னே போக மறுத்து, பாங்காக்கை நோக்கிய பாதையில் நேதாஜியும் இரவு இரவாக அவர்களோடு நடந்தார். அந்தப் பின்வாங்கலில் ரயில்மேல் நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு பெயரும் தெரியும். பாடப்புத்தகம் சொல்லித் தரவில்லை, மந்தையில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பையன்கள் காலையிலேயே மதுரைக்குப் போய், ஜான்சி ராணி பூங்காவில் உள்ள நேதாஜி சிலைக்கு மாலை போட்டு, அங்கிருந்து ஜோதி ஏற்றிக்கொண்டு பழங்காநத்தம், திருப்பரங்குன்றம், திருநகர், திருமங்கலம் வழியாக மாற்றி மாற்றி ஓடி வருவார்கள். போன ஆண்டு முதல் பெண்பிள்ளைகளும் ஓடுகிறார்கள். நெடுஞ்சாலையில் லாரி போக்குவரத்து அதிகம், வேண்டாம் என்று தாய்மார்கள் பயந்தார்கள். நானும் சில அம்மாக்களும் வேனில் பின்னாலேயே போனோம். திருமங்கலத்தில் பஸ்ஸுக்காக நின்றவர்கள் தண்ணீர் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பட்டாளத்தார் இப்போது இல்லை. அவருடைய அக்காவும் இல்லை. அப்பா அவர்கள் இருவருக்கும் முன்பே போய்விட்டார். 1939இல் மதுரைக்குப் போன ஒருவரும் இன்று ஊரில் மிச்சமில்லை. அதனால் சென்ற சில ஆண்டுகளாக ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள், சயாம் பாதையில் மறைந்தவர்கள், படையில் சேர்ந்தவர்கள். ஆண் பெண் இருபாலரும், தெரு வித்தியாசமில்லாமல். தலைவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. இவர்களின் பெயர் தகரப் பெட்டிக்குள் கடிதமாகவும், சுவரில் மங்கிய படமாகவும், கிழவிகளின் வாய்ச்சொல்லாகவும்தான் இருக்கிறது. செப்டம்பர் 6 மாலை, பந்திக்கு முன்னால், அந்தப் பட்டியலை முழுக்க வாசிக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து நிற்பார். வீடே இல்லாமல் போனவர்களுக்குப் பள்ளிப் பிள்ளை ஒன்று நிற்கும்.

திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் மலேயா, பர்மா முத்திரை விழுந்த கடிதம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அம்மாச்சியோ அப்பத்தாவோ உயிரோடிருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அதுவும், எந்த வருடம் போனார், திரும்பினாரா என்பது மட்டும் போதும். கடிதத்தைத் தர வேண்டியதில்லை. காட்டினால் நான் எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிடுவேன். ஆடி முடிவதற்குள் சொன்னால் இந்த ஆண்டுப் பட்டியலில் சேர்த்துவிடலாம். விழாவுக்கும் வாருங்கள். ஊர்வலம் மாலை நான்கு மணிக்குக் காலனித் தெரு வேப்பமரத்தடியிலிருந்து புறப்படும். வரும்போது ஒரு படி அரிசி கொண்டுவாருங்கள். எந்த அரிசியானாலும் சரி.